மெய்நிகர் இயந்திரத்துக்கும் காவல் வேண்டும்

ஒரே கணினிக்குள் பல கணினிகளைத் தோற்றுவித்து, ஒன்றின் காரியத்தில் மற்றொன்று தலையிடாதபடி நடத்தும் மெய்நிகர் இயந்திரம், 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் கேவிஎம் என்ற அங்கம் சேர்க்கப்பட்ட நாள் முதலாக, எளிய மாணவரும் செலவின்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சாதனமாகிவிட்டது. இன்று நோயாளியின் குறிப்பு முதல் வங்கிக் கணக்கு வரையில் பொதுமக்களின் அந்தரங்க விவரங்கள் பலவும் இத்தகைய இயந்திரங்களிலே தங்கியிருக்கின்றன. ஆகையால், அவற்றை அமைக்கும்போதே வன்பொருள் வழிக் காவலையும் சேர்த்து அமைப்பது அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடக்கூடிய விஷயமன்று, கடமையாகும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் நிலைபொருளில் பழைய பயாஸை விடுத்து யூஇஎஃப்ஐ முறையைத் தேர்ந்து, செக்யூர் பூட் வசதியை இயக்கிவிட்டால், உரிய கையொப்பம் இல்லாத கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, அவ்வியந்திரத்தில் தொடங்க இயலாது. கூடவே டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லின் பணியை எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருளின் வாயிலாக அளித்துவிட்டால், இயந்திரம் தொடங்கும் படிகள் அதில் அளந்து பதியப்பெற்று, அப்பதிவு மாறாதிருந்தால் மாத்திரமே வட்டின் மறையாக்கச் சாவி வெளிப்படும்படி ஏற்பாடு செய்யலாம். நிறுவுவதற்கு முன்பு மெய்நிகர் இயந்திரங்களை அமைக்க உதவும் விர்ட்-மேனேஜர் மென்பொருளின் திரையில் சில தெரிவுகளோடு முடியும் இக்காரியத்தைப் பின்னாளில் செய்ய முயல்வது, வீடு கட்டிக் குடியேறிய பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டுவதற்கு ஒப்பாகும்.

எனினும், அந்த டிபிஎம், மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் அடிப்படைக் கணினியில் ஓடும் மென்பொருளேயாதலால், அக்கணினியை ஆள்பவரிடமிருந்து அது நம்மைக் காக்காது. பிறருடைய கணினியை வாடகைக்குக் கொள்வோர் இதை மறக்கலாகாது. இக்குறையை நீக்கவே, ஏஎம்டி நிறுவனம் 2017-இல் எபிக் செயலிகளில் எஸ்இவி என்னும் ஏற்பாட்டை அளித்தது. அது ஒவ்வோர் இயந்திரத்தின் நினைவகத்தையும், செயலியை விட்டு வெளியேறாத தனித்தனிச் சாவியால் மறையாக்குகிறது. பின்னர் வந்த எஸ்இவி-எஸ்என்பியும் இன்டெலின் டிடிஎக்ஸும், நினைவகத்தைத் திருத்தும் சூழ்ச்சியைத் தடுப்பதோடு, இயந்திரத்தின் நிலையை உறுதிசெய்யும் சான்றறிக்கை பெறவும் வழி செய்கின்றன. எஸ்என்பி இயந்திரங்களை நடத்தும் ஆற்றல் 2024-இல் வெளிவந்த லினக்ஸ் 6.11 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. அச்சான்றறிக்கையைச் சரிபாராமல் ரகசியங்களை ஒப்படைப்பவர், காவலைப் பெற்றும் அதன் பிரயோசனத்தை இழந்தவரே.

செயலியையே பரிபூரணமாக நம்பலாமா என்று சிலர் வினவுவர். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய செயலிப் பிழைகளை நினைக்கும்போது அந்தச் சந்தேகம் நியாயமானதே. இக்காவலால் வேகம் சற்றுக் குறைவதும், ஓடும் இயந்திரத்தை வேறு கணினிக்கு மாற்றுவது கடினமாவதும் உண்மையே. ஆயினும், குறையுள்ள காவலைக் காலந்தோறும் திருத்திக்கொள்ள வேண்டுமேயன்றி, காவலே வேண்டாம் என்று இருத்தல் விவேகமாகாது.

பிறர் விவரங்களைப் பேணும் மருத்துவமனைகளும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும், வாடகைக் கணினிக்கு ஒப்பந்தம் கோரும்போதே நினைவக மறையாக்கத்தையும் சான்றறிக்கையையும் நிபந்தனையாக எழுத வேண்டும். சொந்தக் கணினியில் அமைப்போர் செக்யூர் பூட்டையும் டிபிஎம்மையும் இயக்கிய பிறகே நிறுவத் தொடங்க வேண்டும்.