ஆய்வுக்கூடமும் அடுக்களையும்

கல்லூரி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவோர் ஆசிரியரும் மாணவருமே ஆவர். ஆயினும், விடியற்காலையில் வகுப்பறையைத் திறப்பவரும், ஆய்வகக் குடுவைகளைக் கழுவி அடுக்குபவரும், விடுதியில் உலை வைப்பவரும், அலுவலகத்தில் கோப்பு எழுதுபவரும், இரவெல்லாம் வாயிலில் காவல் இருப்பவரும் சேர்ந்ததே கல்லூரி. இவர்களுக்கு நாம் இட்டிருக்கும் பெயர் 'ஆசிரியரல்லாப் பணியாளர்'. இன்னார் என்று சுட்டாமல் இன்னார் அல்லர் என்று சுட்டும் பெயர் இது. பெயரிலேயே ஒரு மதில் எழுப்பிவிட்டோம்.

இம்மதிலின் உட்புறத்தே தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், உணவியல் எனப் பல துறைகளில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. தானியத்தின் சத்து, நுண்ணுயிரின் இயல்பு, குருதியில் சர்க்கரை ஏறும் முறை ஆகியன அங்கு ஆராயப்படுகின்றன. முடிவுகள் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, கட்டமைக்கப்பெற்று, நூலக அலமாரியில் துயில்கின்றன. அவ்வாய்வுக்குக் குடுவை கழுவித் தந்தவர், தாம் கழுவியது எதற்காக என்பதை அறியாமலே ஓய்வு பெறுகிறார். அவருக்கும் நீரிழிவு உண்டு. அவர் மகளுக்கும் இரத்தசோகை உண்டு. ஆய்வின் பயன் முதலில் சேர வேண்டிய வீடு அவருடையதன்றோ?

இது நடவாத காரியமன்று என்பதற்குக் கொல்லிமலை சான்று. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் புலவர் போற்றிய அம்மலை, இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தனர். சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகவே, மரவள்ளி மலையேறிற்று. கைக்குப் பணம் வந்தது. சாமை விளைந்த நிலம் சுருங்கிற்று. இதற்கு வேறொரு காரணமும் உண்டு. சாமையின் உமி கடினமானது. அதை உரலிலிட்டுக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் உழைப்பு முழுதும் பெண்களின் தோளிலேயே விழுந்தது.

1988இல் தோன்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் இம்மலையில் பணியைத் தொடங்கிற்று. தார்வாடு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவற்றின் உணவியல் அறிவும் அப்பணிக்குத் துணை நின்றது. ஆய்வாளர் அறிக்கை எழுதுவதோடு அமையவில்லை. ஊர்களில் உமி நீக்கும் பொறிகள் நிறுவப்பெற்றன. விதை வங்கிகள் அமைந்தன. மகளிர் குழுவினர் கேழ்வரகு மாவு, சாமை உப்புமாக் கலவை முதலியன செய்து விற்கப் பயிற்சி பெற்றனர். அதே வேளையில், எந்தச் சாமை எந்நிலத்தில் தாங்கும், எது எத்தனை நாளில் விளையும் என்பதை அம்மக்களிடமிருந்தே ஆய்வாளர் கற்றனர். அறிவு இருவழிப் பாதை என்பதே கொல்லிமலை நமக்கு உரைக்கும் முதற்பாடம். கற்றதைப் பயன்படுத்தக் கருவியும் வாய்ப்பும் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். உமி நீக்கும் பொறி இல்லாத இடத்தில் சாமையின் பெருமையைப் பேசுவது, குத்தும் பெண்ணுக்கு மேலும் ஒரு சுமையே.

மலையில் இயன்றது நம் கல்லூரி வளாகத்தில் இயலாதா? பணியாளருக்குச் சொல்லத்தக்கன பல உள. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. தானியத்தை முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் இரும்புச்சத்தை உடல் ஏற்கத் தடையாகும் பொருள்கள் குறைகின்றன. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அது கூடும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையோர். அத்தகைய நாட்டில் இச்செய்தி வெறும் தேர்வு வினாவாக மட்டும் இருத்தல் தகுமா?

நாம் வாய் திறவாதிருந்தால் அவ்விடம் வெறுமையாக இராது. அரைகுறைச் செய்தி வந்து நிரம்பும். கேழ்வரகு நீரிழிவைப் போக்கும் மருந்து என்று கைப்பேசியில் செய்தி பரவுகிறது. நைய அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் அதுவும் குருதிச் சர்க்கரையை விரைவில் ஏற்றும் என்பதை உடன்வந்து சொல்வாரில்லை. நம்பியவர் மாத்திரையை நிறுத்துகிறார். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உடையோர் என 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. கற்றவர் மௌனத்தின் விலையைச் செலுத்துவோர் கல்லாதவரே.

"அவர்களுக்கு இது விளங்குமா? நேரம் ஏது?" என்பார் உளர். விளங்காமைக்குக் காரணம் பொருளன்று. நாம் பேசும் மொழி. நேரம் இல்லாமைக்குக் காரணம், நாம் ஒதுக்காமை. "சாமை அரிசி விலை அதிகம், நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறதே" என்பதோ மெய்யான தடை. ஆதலின் விலை கூடியவற்றைப் பரிந்துரைத்துப் பயனில்லை. கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எனக் கைக்கு எட்டுவனவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

எனவே சில செயல்களை முன்மொழிகின்றேன். திங்கள்தோறும் ஒரு பிற்பகல், பணி நேரத்திலேயே, ஊதியக் குறைவின்றி, ஆசிரியரல்லாப் பணியாளருக்கு ஆய்வுச் செய்தி அரங்கு நிகழ வேண்டும். அதில் விடுதிச் சமையலரும் தம் பட்டறிவைப் பேச வேண்டும். ஆய்வாளர் குறிப்பெடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக்கப்பெற வேண்டும். அதைச் செப்பனிட்டுத் தரும் பணி தமிழ்த்துறையின் கடன். விடுதியில் வாரம் ஒருநாள் சிறுதானிய உணவு சமைத்து, மாணவரும் பணியாளரும் ஒரே பந்தியில் அமரலாம். நம் சமுதாயப் பெரியோர் இசைந்தால், பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியிலும் ஓரிரு நாள் சாமையைச் சேர்த்துப் பார்க்கலாம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. கூடம் இருக்கிறது; ஆசிரியர் இருக்கின்றனர்; கேட்கும் செவிகளும் இருக்கின்றன. அடுத்த கல்வியாண்டின் முதற்கூட்டத்திலேயே நிருவாகம் இதனை எடுத்துக்கொள்ளுமாயின், நம் ஆய்வகத்தின் ஒளி முதலில் அதன் வாயிற்காவலர் வீட்டில் படும். அதன்பின் அது ஊருக்குச் செல்லட்டும்.