ஜின்னுக்குப் பயமா, யுத்தத்துக்குப் பயமா?

பேய்ப்படம் என்றாலே பிள்ளைகளுக்கு ஏசி டீவியை நிறுத்திவிடுவோம். ஆனால் 'அண்டர் த ஷேடோ' (2016) பெரியவர்கள் நாம் ஒருமுறை பார்க்க வேண்டிய படம்.

தெஹ்ரானில் பிறந்த பாபக் அன்வரி எடுத்த பாரசீக மொழிப் படம் இது. ஈரான்-ஈராக் யுத்தத்தின் கடைசிக் காலம். தெஹ்ரானில் ஏவுகணைகள் விழுகின்றன. பழைய அரசியல் ஈடுபாட்டைக் காட்டி, மருத்துவப் படிப்பைத் தொடர ஷிதேவுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. டாக்டரான கணவன் போர்முனைக்குப் போகிறான். வீட்டில் அவளும் சின்ன மகள் டோர்சாவும்தான். மேல்மாடியில் வெடிக்காத ஏவுகணை ஒன்று விழுந்த பிறகு ஜின் கதை தொடங்குகிறது.

படத்தின் பலம் அதன் முற்பகுதி. டேப் ஒட்டிய யன்னல்கள், கூரையில் விழுந்த வெடிப்பு, ஒவ்வொரு குடும்பமாகக் காலியாகும் மாடிவீடு. மகளின் பொம்மை காணாமல் போக, தாயும் மகளும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். ஜின்னா, நித்திரையில்லாத தாயின் மனமா என்று நமக்கே விளங்குவதில்லை. பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியவளை, தலையை மறைக்கவில்லை என்று பிடித்துக்கொண்டு போகிறார்கள். படத்தில் நம்மை அதிகம் நடுங்க வைப்பது அந்த இடம்தான். அதில் ஜின்னே இல்லை.

குறையும் உண்டு. கடைசிப் பகுதியில் திடீரென்று பாய்ந்து பயங்காட்டும் வழமையான வித்தைகள் வந்துவிடுகின்றன. சந்தேகமாக இருந்தவரை பயந்தோம். கண்ணால் கண்டதும் பயம் குறைந்துவிட்டது. பறக்கும் துணியாக ஜின்னைக் காட்டியதும் யோசிக்க வேண்டிய விஷயம். இயக்குநர் சொல்ல வருவது கட்டாயப்படுத்தலைப் பற்றி. ஆனால் நம்மை அறியாத ஒருவர் பார்த்தால், பர்தாவே பேய் என்றுதான் விளங்கிக்கொள்வார்.

ஷெல் சத்தம் கேட்ட ஊர்களில் வாழ்ந்த நமக்கு இந்தப் படம் தூரத்துக் கதையல்ல. ஜின் இருப்பது நமது நம்பிக்கை. அதில் பேச்சில்லை. ஆனால் நித்திரையின்றித் தவிக்கும் ஒரு தாய்க்கு 'ஜின் பிடிச்சிருக்கு' என்று பெயர் வைத்துவிட்டு நாம் எழும்பிப் போய்விடுகிறோம். அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எதுவும் ஏறாமல் உட்கார்ந்திருக்கிறது. ஓதிப் பார்ப்போம், தவறில்லை. டாக்டரிடமும் கூட்டிப்போவோம். எல்லாவற்றுக்கும் முதல், அவள் சொல்வதைப் பக்கத்திலிருந்து கேட்போம்.

படத்தைச் சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.