மகப்பேறும் தகுதியும்

என்னிடம் ஒரே வகுப்பிற் கற்ற மாணவியர் மூவர் சென்ற ஆண்டிலே தாய்மாராயினர். ஒருத்தி அரசினர் பாடசாலை ஆசிரியை. மற்றொருத்தி எங்கள் அயலூரில் வீட்டுத் திண்ணையிலிருந்து தையல் தைப்பவள். மூன்றாமவளும் தையற்காரியே, ஆயின் அவள் அவுஸ்திரேலியாவிற் குடியேறி, மெல்பேர்ன் நகரில் நெடுநாளாகச் சொந்தத் தொழில் நடத்துகின்றாள்.

ஆசிரியைக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை கிடைத்தது. வேண்டின் மேலும் 84 நாள் அரைச் சம்பளத்துடனும், 84 நாள் சம்பளமின்றியும் பெறலாம். மெல்பேர்னில் உள்ளவளுக்கு அந்நாட்டரசே பணம் கொடுத்தது. அயலூரில் உள்ளவளோ, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த மறுநாளே தையற்பொறியின் முன் அமர்ந்தாள். "தைக்காட்டி அடுப்பெரியாது, ஐயா" என்றாள். அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை.

அவுஸ்திரேலியாவில் 2010இல் இயற்றப்பெற்று, 2011 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், 'உன் முதலாளி யார்?' என்று வினவுவதில்லை, 'நீ உழைத்தாயா?' என்றே வினவுகின்றது. மகப்பேற்றுக்கு முந்திய 13 மாதங்களுள் 10 மாதம் தொழில் செய்திருத்தல் வேண்டும். அப்பத்து மாதத்துள் 330 மணித்தியாலம், அஃதாவது வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள், உழைத்திருந்தாற் போதும். நிலையற்ற வேலை செய்வோரும் சொந்தத் தொழில் நடத்துவோரும் இதனுள் அடங்குவர். தந்தையரும் பங்கு பெறுவர். தொடக்கத்தில் 18 வாரமாயிருந்த இவ்வுதவி 2026 யூலை முதல் 26 வாரமாதல் வேண்டும் என 2024இற் சட்டம் வகுக்கப்பட்டது. குறையற்ற சட்டம் என்று கூறேன். வருமான வரம்பு உண்டு; 2019 முதல் புதிதாகக் குடியேறியோர் பொதுவாக ஈராண்டு காத்திருத்தலும் வேண்டும். ஆயினும் அதன் அடிப்படை செவ்விது.

நம் நாட்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் எழுந்தது. இரு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பேற்றுக்கு 42 நாளே என்றிருந்த விதி 2018இல் நீங்கி, எல்லாப் பேற்றுக்கும் 84 நாள் என்றாயிற்று. நன்றே. ஆயின் தனியார் துறையில் அச்சம்பளத்தைத் தொழில்தருநரே கொடுத்தல் வேண்டும் என்னும் ஏற்பாட்டால் இரு கேடு விளைகின்றன. இளம் பெண்களை வேலைக்கு அமர்த்தச் சிலர் தயங்குகின்றனர். தொழில்தருநர் இல்லாதவளுக்கோ கூலியிழப்புக்கு ஈடு கேட்க ஒருவரும் இல்லை. இச்செலவைத் தனித்தனித் தொழில்தருநர்மேற் சுமத்தலாகாது என்று 1952ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிற் சமவாயம் கூறும். அச்சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டதன்றோ?

வறிய நாட்டுக்கு இது இயலுமோ என்பர் சிலர். 1958இல் ஊழியர் சேமலாப நிதியை நிறுவிய நாடு இது. தொழிலாளரிடமும் தொழில்தருநரிடமும் பங்குப்பணம் திரட்டி நிதி நடத்தும் முறை நமக்குப் புதிதன்று. 1987இல் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் வகுத்தபோது, முதலாளி இல்லாத உழைப்பாளரையும் நாம் கணக்கிற் கொண்டோம். கர்ப்பிணிகளைப் பதிந்து வீடு தேடிச் செல்லும் குடும்பநல மாதர் ஊர்தோறும் உளர். முப்பங்காகத் திரட்டிய ஒரு நிதியிலிருந்து, முதலிற் சில வாரத்துக்கேனும் உதவி தொடங்கலாம். வேண்டுவது துணிவே.

பிள்ளைத்தமிழ் கற்பிக்கும்போது, காப்புப் பருவம் மூன்றாந் திங்களுக்கும் செங்கீரை ஐந்தாந் திங்களுக்கும் உரியன என்று மாணவருக்குச் சொல்லுகின்றோம். கட்டளைச் சட்டத்தின் 84 நாளும் முடியும்போது, முதற் பருவத்துக்குரிய மூன்று திங்களே நிறைந்திரா. தையற்பொறியடியில் ஏணை கட்டியவளின் பிள்ளைக்கோ அதுதானும் இல்லை.

மகவு பெறுதலைப் 'பேறு' என்றனர் நம் முன்னோர். அரசினர் ஆசிரியையின் பிள்ளைக்கும் திண்ணைத் தையற்காரியின் பிள்ளைக்கும் அச்சொல் ஒன்றே. இருவர் பிள்ளைகளும் ஐந்தாண்டு கழித்து ஒரே பாடசாலையில் ஒரே வாங்கில் வந்து அமர்வர். அன்று அவர்களிடையே வேற்றுமை பாராட்டலாகாது என்று ஆசிரியராகிய எமக்கு விதித்த அரசு, பிறந்த நாளிலும் அவ்விதியைத் தானே கைக்கொள்ளுதல் முறையாகும்.