அத்தையோடு ஒரு கப்பல் பயணம்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஊறுகாய், இடுப்பு வலி, பிள்ளைகளின் சளி என்று பேசுகிறவள், இந்த இதழில் கப்பலேறிவிட்டேன். சென்ற ஏப்ரல் கடைசியில், பையனின் பரீட்சை முடிந்த கையோடு, ஜப்பானைச் சுற்றிப் பத்து நாள் கப்பலில் போய் வந்தோம். நானும் அவரும், ஒன்பது வயதுப் பையனும், எழுபத்திரண்டு வயதான என் மாமியாரும்.

“வயசானவங்களை வச்சுக்கிட்டுக் கப்பலா? உனக்கு என்ன தைரியம்!” என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. உண்மையில் அத்தைக்காகத்தான் கப்பலே. அவர்களுக்கு முழங்கால் வலி. ஊருக்கு ஊர் ரயில் மாறி, லாட்ஜ் மாறி, பெட்டியைக் கட்டிப் பிரிப்பதெல்லாம் நடக்காது. கப்பலில் பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும். இரவில் நாம் தூங்கும்போது கப்பல் ஓடுகிறது. காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே புது ஊர். பத்து நாளும் “ராத்திரிக்கு என்ன டிபன்?” என்ற கேள்வியும் கிடையாது. இந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

யோகோஹாமாவில் கப்பலேறினோம். ஓசன்பாஷி என்ற அந்தத் துறையின் மேல்தளம் முழுக்க மரப்பலகை. குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகிறார்கள். யோகோஹாமா, ஹகோடாடே, நாகசாகி மூன்றும் 1859-ஆம் வருஷத்தில் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகங்கள். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கப் போகிறோம் என்று அவர் பையனுக்குப் பாடம் நடத்தினார். பையனோ, “கப்பல்ல ஐஸ்கிரீம் எத்தனை தடவை வேணும்னாலும் தருவாங்களாமே?” என்று கேட்டான்.

முதலில் சாப்பாட்டுக் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். நாங்கள் சைவம். கப்பலில் கஷ்டமே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நம் கோவாப் பக்கத்துப் பையன் ஒருவன் பரிமாறினான். “நாளைக்கு என்ன வேணும்னு முதல் நாளே சொல்லிடுங்க ஆன்ட்டி” என்றான். சொன்னபடி பருப்பும் சாதமும் வந்தன. கரையில் இறங்கினால்தான் கவனம் வேண்டும். கறி, மீன் தெரியாத சூப்பாக இருந்தாலும், உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்க வைத்து இறக்கிய ‘தாஷி’ என்ற சாறு அதில் இருக்கும். காய்கறிக் கூட்டிலும் அதுதான். சைவமே வேண்டுமென்றால் புத்த கோயில்களை ஒட்டி வளர்ந்த ‘ஷோஜின்’ சமையல் என்று கேட்க வேண்டும். ஜப்பானிய அரிசிச் சாதம் நம் குழைந்த சாதம் போல ஒட்டிக்கொள்ளும். கப்பலில் அதில் தயிரை விட்டுப் பிசைந்து, கையோடு கொண்டுபோன நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு அத்தை சாப்பிட்டதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் ஆசையாகப் பார்த்தார்கள்.

ஹகோடாடேயில் இறங்கியபோது செர்ரிப் பூக்காலம். தெற்கே மார்ச் கடைசியில் பூத்து உதிர்ந்துவிடும் பூ, வடக்கே ஏப்ரல் முடிவில்தான் மலர்கிறது. அங்கே நட்சத்திர வடிவில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. பெயர் கோர்யோகாகு. அகழியின் கரை முழுக்க வெளுத்த ரோஜா நிறம். “மார்கழிக் கோலத்தைத் தூக்கி மரத்துல மாட்டின மாதிரி இருக்கே” என்றார்கள் அத்தை.

அன்று இரவுதான் வினை ஆரம்பித்தது.

கப்பல் ஜப்பானுக்கு மேற்கே உள்ள கடலில் இறங்கியதும் காற்று பிடித்துக்கொண்டது. பெரிய கப்பல்தான், ஆனாலும் தொட்டில் ஆடுவது போல ஆடியது. மறுநாள் முழுவதும் கடலிலேயே. அத்தைக்குத் தலைசுற்றல், குமட்டல். மத்தியானம் இரண்டு வாய், ராத்திரி ஒன்றுமில்லை. “வயித்தைப் பிரட்டுதும்மா. என்னமோ மாதிரி இருக்கு” என்றார்கள். நானோ, “கடல் காத்து புதுசு அத்தை, காலையில சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டுப் பையனுடன் சினிமா பார்க்கப் போய்விட்டேன். எதையும் மறைக்காமல் சொல்கிறேன்: மறுநாள் கனாசாவாவில் இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற எரிச்சல்தான் எனக்கு அதிகம் இருந்தது.

காலையில் கப்பல் ஆடாமல் நின்றது. அத்தையும் புடவை மாற்றித் தயாராக இருந்தார்கள். அரை டம்ளர் சர்க்கரை இல்லாத காபி குடித்தார்கள். எதை மறந்தாலும் மறக்காத சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டார்கள். “பசியில்லை, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்கள். நானும் சரி என்றேன். பஸ் பிடித்துக் கென்ரோகுஎன் தோட்டத்துக்குப் போனோம். ஜப்பானின் மூன்று பெரிய தோட்டங்களில் ஒன்று என்று பெயர் பெற்றது அது.

குளத்தங்கரையில் இரண்டு கால் வைத்த கல் விளக்கு ஒன்று உண்டு. அதன் முன்னால் போட்டோ எடுக்க நின்றபோது அத்தை அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல குளிர்காற்று வீசுகிறது. அவர்களுக்கோ முதுகுப் பக்கம் ரவிக்கை நனைந்து வியர்வை. கை நடுங்குகிறது. பேரனைப் பார்த்து, என் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “களைப்பா இருக்கும், கொஞ்சம் உட்காரட்டும்” என்றார் அவர். பையன்தான், “பாட்டி கை ஜில்லுன்னு இருக்கும்மா” என்றான். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. சர்க்கரை இறங்கிவிட்டது!

சோதிக்கும் கருவி கப்பலில், பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பையில் சாக்லேட்கூட இல்லை. பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. அந்தக் கடைக்கார அம்மாள் ஓடி வந்து, ஒரு மெத்தையைக் கொண்டுவந்து அத்தையைச் சாய்த்து உட்கார வைத்தார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அவரும் பையனும் போய்க் காசு போட்டால் பாட்டில் விழும் இயந்திரத்திலிருந்து ஆரஞ்சுச் சாறு வாங்கி வந்தார்கள். அத்தைக்கு நினைவும் விழுங்கும் தெம்பும் இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரம் ஒரு யுகம் போல இருந்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்தோம். மெல்ல முகத்தில் தெளிவு வந்தது. “ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?” என்று கேட்டார்கள். அதற்குள் கடைக்கார அம்மாள் உப்புப் போட்டுப் பிடித்த இரண்டு சோற்று உருண்டைகளைத் தட்டில் வைத்து நீட்டினார். பணம் கொடுத்தேன், இரண்டு கையாலும் மறுத்துக் குனிந்து வணங்கினார்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சர்க்கரை வியாதிக்கான மாத்திரைகளில் கிளிமிபிரைடு போன்ற சில வகைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இன்சுலினும் அப்படித்தான். வாந்தி, குமட்டல் என்று சாப்பாடு இறங்காத நாளில் வழக்கமான அளவை அப்படியே போட்டுக்கொண்டால் ஆபத்து. அதற்காக நாமாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது. “சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது?” என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுத் தடுமாற்றம், சம்பந்தமில்லாத கோபம் – இவை அறிகுறிகள். சோதிக்க முடியாவிட்டால், சர்க்கரை குறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளருக்குச் சற்று மேல் பழச்சாறோ கொடுங்கள். பதினைந்து நிமிஷம் பொறுத்து, தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் இட்லி, ரொட்டி, சாதம் என்று ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஜப்பானில் அதற்கு 119, நம் ஊரில் 108. மாத்திரையால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கலாம். ஆகையால் நாங்கள் கப்பலுக்குத் திரும்பியதும் டாக்டரிடம் போனோம். அன்று இரவு முழுவதும் இடையிடையே எழுந்து சோதித்துப் பார்த்தேன்.

தோட்டத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு பைன் மரத்தடியில் நின்றோம். அந்த நாட்டுப் பிரபு ஒருவர், பீவா ஏரிக்கரையிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த மரமாம். கிளைகள் குளத்தின் மேல் வெகுதூரம் படர்ந்து, கனத்தால் தாழ்ந்திருக்கின்றன. ஒன்றையும் வெட்டவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் கீழே மரக்கம்பு நட்டு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அத்தை வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “ராத்திரியே சொன்னேனேம்மா” என்றார்கள். கோபமே இல்லாத குரல். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வரை விடவில்லை.

பிறகு கொரியாவின் பூசான். அங்கே கப்பல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஜப்பானியத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் நடுவில் ஓர் அந்நிய மண்ணைத் தொட்டு வருகிறார்கள். நமக்கு இது முக்கியம். ஜப்பானை விட்டுப் போய் மறுபடி நுழைகிறோம் அல்லவா? ஒரு முறை மட்டும் நுழையும் விசா போதாமல் போகலாம். கொரியாவுக்கு விசா வேண்டுமா என்பதையும் சேர்த்து, பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள். சென்னையில் இரண்டு நாட்டுத் தூதரக அலுவலகங்களும் இருக்கின்றன.

நாகசாகியில் பையனை அமைதிப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். 1945 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிஷம். அணுகுண்டு விழுந்த நேரத்தில் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். பூங்காவில், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபடியே உயிர்விட்டவர்களுக்காக 1969-ல் கட்டிய நீரூற்று இருக்கிறது. பையன் ஒன்றும் கேட்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் அங்கே ஊற்றினான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்று நாம்தான் நினைக்கிறோம்.

மே 5 அன்று ககோஷிமா. அந்நாட்டில் அது குழந்தைகள் தினம். துணியில் செய்த கெண்டை மீன்கள் கம்பங்களில் காற்றை விழுங்கிப் பறக்கின்றன. ஓக் இலையில் சுற்றிய அரிசிமாவுப் பண்டம் விற்கிறார்கள். உள்ளே இனிப்புப் பயறு. நம் பூரணக் கொழுக்கட்டைதான்! எதிரே புகைந்துகொண்டிருக்கும் சகுராஜிமா எரிமலை. முன்பு தனித் தீவாக இருந்தது, 1914-ல் வெடித்தபோது கொட்டிய குழம்பினால் ஒரு பக்கம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டதாம். சாம்பல் வாரிப் போட நகராட்சியே வீட்டுக்கு வீடு மஞ்சள் பை கொடுக்கிறது. “நாம வாசல் தெளிக்கறோம், இவங்க சாம்பல் கூட்டறாங்க. பொம்பளைங்களுக்கு எங்க போனாலும் விளக்குமாறுதான்” என்றார்கள் அத்தை. மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தோம்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். துறையில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மருந்து கொண்டுபோக ஜப்பானில் முன் அனுமதி வேண்டும். சூடோஎபிட்ரின் அதிகம் கலந்த சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை.

நம் ஊரைவிட அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

கடல் மயக்கம் வருமென்றால், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் தெளியும்.

பலர் கரண்டி தொடும் இடத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி சுலபமாகப் பரவும். கையில் தடவும் திரவத்தை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் பழக்குங்கள்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாவிட்டால் பல கப்பல்களில் ஏற்றுவதில்லை. சில பயணங்களுக்கு ஒரு வயது கேட்கிறார்கள். ஆறாம் மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளையும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

கப்பல் டாக்டருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பழைய வியாதிகளுக்கும் பொருந்தும் இன்சூரன்ஸாகப் பார்த்து எடுங்கள்.

இப்போது என் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி. அத்தை, “என்னமோ மாதிரி இருக்கு” என்றால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பாதி நாள் அது ஒன்றுமில்லாத விஷயம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே.