தேய்மானம் என்று சொல்வது யார்?

சில வாரங்களுக்கு முன்னர் பாடசாலை வேன் ஓட்டும் சகோதரர் ஒருவர் பஞ்சிகாவத்தையிலுள்ள எனது உதிரிப்பாகக் கடைக்கு வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கிளச் பிளேட். ஐந்து மாதங்களுக்கு முன்னர் என்னிடம் வாங்கியது. பற்றுச்சீட்டில் ஆறு மாத உத்தரவாதம் என்று எனது கடையின் முத்திரையும் இருந்தது.

"முடிஞ்சு போச்சு ஹாஜியார், கியர் போட்டா வேன் இழுக்குதில்ல" என்றார். கடையில் கூட்டம். நான் அந்தத் தாளைப் பிரிக்கக்கூட இல்லை. "இது சாதாரண தேய்மானம் தம்பி, கிளச்சில் கால் வைத்தபடி ஓட்டினால் இப்படித்தான். இதற்கு உத்தரவாதம் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. "வொரண்டி எழுதினதும் நீங்க, தேய்மானம் எண்டு சொல்றதும் நீங்க. அப்ப நான் எங்க போய்க் கேக்குற?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அதே கேள்வியை 2019இல் நானும் கேட்டிருந்தேன். புதிதாக வாங்கிய எனது காரின் முன் ஷொக் அப்சோபர் இரண்டு வருடம் பூர்த்தியாகும் முன்னரே ஒயில் கசியத் தொடங்கியது. விற்ற நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குக் கொண்டு சென்றேன். உத்தரவாதமோ மூன்று வருடம். அங்கிருந்தவர் காரின் அடியில் குனிந்தும் பார்க்கவில்லை. "எமது நாட்டுப் பாதைகளுக்கு இது சாதாரண தேய்மானம்" என்றார். எவ்வளவு ஓடினால் சாதாரணம், எவ்வளவு ஓடினால் அசாதாரணம் என்று கேட்டேன். பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த நிறுவனத்தைத் திட்டாத வார்த்தையால் திட்டினேன். இப்போது அதே வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன்.

வாசகர்களே, வாகன உத்தரவாதம் பற்றிய பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லில்தான் வந்து நிற்கின்றன. உற்பத்திக் குறைபாடு என்றால் விற்றவர் பொறுப்பு. தேய்மானம் என்றால் வாங்கியவர் பொறுப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டைக் கீறுபவர் யார் என்றால், அந்தக் கோட்டினால் இலாபமோ நட்டமோ அடையப் போகின்ற விற்பனையாளரேதான். வழக்காளியும் நீதிபதியும் ஒருவராக இருக்கும் இடத்தில் நீதியை எதிர்பார்க்க முடியுமா?

தேய்மானத்துக்கு அளவு வைக்க முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். பிரேக் டிஸ்க்கை எடுத்துப் பாருங்கள். அது எந்தத் தடிப்பு வரை தேயலாம் என்பது பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் அடையாளக் கட்டைகள் இருக்கின்றன. இரும்புக்கும் இறப்பருக்கும் அளவு உண்டு. எமது பற்றுச்சீட்டில் மட்டும் அளவு இல்லை.

இதற்கு நல்லதோர் உதாரணம் நிசான் லீஃப் மின்சாரக் கார். 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கடும் வெப்பத்தில் ஓடிய லீஃப் கார்களின் பெற்றரி எதிர்பார்த்ததை விட விரைவாகச் சக்தி இழப்பதாக உரிமையாளர்கள் முறையிட்டனர். அந்தக் காரின் பெற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. பெற்றரி காலப்போக்கில் சக்தி இழப்பது இயல்பு என்பதால் அதற்கு அதுவரை உத்தரவாதம் இருக்கவில்லை. உரிமையாளர்கள் விடவில்லை. அவ்வருட இறுதியில் நிறுவனம் ஓர் எண்ணை அறிவித்தது. 5 வருடம் அல்லது 60 ஆயிரம் மைலுக்குள் மீற்றரில் காட்டும் 12 கோடுகளில் 9 கோட்டுக்குக் கீழே போனால் தாம் பொறுப்பு என்பதே அது. அண்ணளவாக 70 வீத கொள்ளளவு. அந்த எண் வந்ததன் பின்னர், ஓட்டுகின்ற முறை சரியா பிழையா என்ற வாய்த்தர்க்கத்துக்குப் பெருமளவு இடமில்லாமல் போயிற்று. கோடுகளை எண்ணத் தெரிந்தால் போதும்.

அதே லீஃப் கார்கள் பின்னர் பாவித்த நிலையில் எமது நாட்டுக்கும் வந்தன. வெப்பமும் வந்தது. அந்த உத்தரவாதம் மட்டும் வரவில்லை. ரீகண்டிஷன் வாகனம் வாங்குவோர் இதனை நன்கு மனதில் கொள்ள வேண்டும். யப்பானில் உற்பத்தியாளர் கொடுத்த உத்தரவாதம் பொதுவாகக் கப்பலில் ஏறி எம்மோடு வருவதில்லை. இறக்குமதியாளர் எழுதிக் கொடுப்பது எதுவோ அதுவே எமது உத்தரவாதம்.

நல்ல பெயருள்ள கம்பனி என்பதும் போதாது. எமது வீதிகளில் தாராளமாக ஓடும் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் 2013 செப்டம்பரில் யப்பானில் அறிமுகமானது. 2014 ஒக்டோபர் முடிவதற்குள் அந்த வாகனத்தை உற்பத்தியாளரே ஐந்து தடவைகள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. இரட்டைக் கிளச் கியர் பொக்ஸின் மென்பொருள் குறைபாடு அவற்றில் பிரதானமானது. வெஸல் ரகமும் இதில் சிக்கியது. 2014 ஒக்டோபரில் நிறுவனத்தின் தலைவரும் உயரதிகாரிகளும் தமது சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்தனர். குறையை ஒப்புக்கொண்டதால் ஹொண்டா கம்பனி அழிந்துவிடவில்லை என்பதை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். அத்தகைய வாகனத்தை வாங்குவோர் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதைச் செஸி இலக்கத்தைக் கொண்டு பார்த்துக்கொள்ள முடியும். விற்பவர் அதனைப் பார்த்துச் சொல்வது அவரது கடமை.

சட்டம் என்ன சொல்கிறது? 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு இது பொருந்தாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ சபை உத்தரவிட முடியும். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இங்கேதான் ஓட்டை இருக்கிறது. மூன்று வருட உத்தரவாதம் உள்ள கார் இருபதாவது மாதத்தில் பழுதானால் இந்த வழி அடைபட்டு விடுகிறது. மிச்சமிருப்பது நீதிமன்றம். ஒரு ஷொக் அப்சோபருக்காக யார் வருடக் கணக்கில் வழக்குப் பேசுவார்? மூன்று மாதம் என்பது உத்தரவாதக் காலம் முடியும் வரை என்று மாற்றப்பட வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதனைக் கையிலெடுத்தால் எல்லாச் சமூகங்களும் பயனடையும்.

ஆனால் சட்டம் திருந்தும் வரை ஒரு முஸ்லிம் வியாபாரி காத்திருக்க வேண்டியதில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் ஜும்ஆக்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். பொருளில் குறை வெளிப்பட்டால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டென்பது பிக்ஹில் கியாருல் ஐப் எனப்படும். அந்தக் குறை விற்கும்போதே இருந்ததா, வாங்கியவர் கையில் பின்னர் உண்டானதா என்ற பிணக்கில், அத்துறை தெரிந்தவர்களிடம் கேட்கும்படி உலமாக்கள் கூறியிருக்கிறார்கள். விற்றவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

மறுநாள் அந்த வேன் சகோதரரைத் தேடிப்பிடித்து வரவழைத்தேன். இருவருக்கும் சம்மதமான ஒரு கராஜ் பாஸிடம் பிளேட்டைக் கொண்டு சென்றோம். அவர் தாளைப் பிரித்த உடனேயே சொன்னார். பிளேட் தேயவில்லை, ஒயிலில் ஊறியிருக்கிறது. எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல் கசிகிறது. ஆகவே பொருளிலும் பிழையில்லை, ஓட்டியவரிலும் பிழையில்லை. நான் காசு கொடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஆனாலும் நான் சொன்னது பொய். பார்க்காமலே தேய்மானம் என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நம்பி அவர் இன்னொரு பிளேட்டை வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் ஒயிலில் ஊறி வீணாகியிருக்கும். ஒரு நிமிடம் தாளைப் பிரித்துப் பார்த்திருந்தால் ஒரு குடும்பத்தின் பணம் மிஞ்சும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. ஒயில் மாற்றாமல் பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு உத்தரவாதம் கேட்பதும், சேவைப் பற்றுச்சீட்டு இல்லாமல் வாதாடுவதும் நியாயமல்ல. சிறு சத்தம் கேட்ட அன்றே எழுத்தில் அறிவியுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

எனது கடையின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நான் மாற்றி அச்சடித்திருக்கிறேன். எவ்வளவு காலம், எவ்வளவு கிலோமீற்றர், எந்தத் தடிப்பு வரை, பிணக்கு வந்தால் எந்த பாஸ் பார்ப்பது என்பன தமிழிலும் சிங்களத்திலும் அதில் உண்டு. அச்சுச் செலவு பெரிதல்ல. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் ஆரம்பித்ததிலிருந்து எம்மவர்கள் பலர் கோடிக் கணக்கில் பணத்தைக் கார்களில் போடுகிறார்கள். விற்பவர்களிலும் எம்மவர்கள் நிறைய உண்டு. அடுத்த பற்றுச்சீட்டை எழுதும் முன்னர் அவர்களும் அந்த எண்ணை எழுதட்டும். எழுதிய வாக்கு அமானிதம். மறுமையில் அதைப் பற்றிக் கேட்கப்படும்போது தேய்மானம் என்று சொல்லித் தப்ப முடியாது.