சாட்சிக்கா, காட்சிக்கா?



சென்ற இதழில் நெடுஞ்சாலைப் பயணம் பற்றிக் கட்டுரை வந்ததும் வந்தது, திருச்சி பாலக்கரை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: வண்டியில் வைக்க எந்தக் காமிரா வாங்கலாம்? உறையூரிலிருந்து ஓர் அம்மா, மகன் பைக்கில் மாட்டக் கேட்டு நச்சரிக்கிறான், வாங்கித் தரலாமா என்கிறார். துவாக்குடியிலிருந்து வாடகைக் கார் ஓட்டும் நண்பர் எழுதியிருப்பது வேறு மாதிரி. "காமிரா நல்லாத்தான் சார் இருக்கு. மாட்டின ரெண்டாவது வாரம் கழன்று விழுந்து, பிரேக் பெடல் பக்கம் உருண்டுடுச்சு. நல்லவேளை, வண்டி சிக்னல்ல நின்னுட்டிருந்தது."

அவர் கடிதத்தைப் படித்த பிறகுதான் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது. காமிராவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். நான்கு கடை ஏறி இறங்கி, மெகாபிக்சல் எத்தனை, இரவில் தெரியுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். அதைத் தாங்கிப் பிடிக்கப்போகிற ஹோல்டரை மட்டும் பெட்டியில் என்ன வந்ததோ அதுவே போதும் என்று விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் முதலில் ஹோல்டரை முடிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால், காமிரா சாட்சிக்கா காட்சிக்கா என்று முடிவு செய்யுங்கள். விபத்து நடந்தால் நடந்ததைச் சொல்ல வேண்டிய காமிரா ஓரிடத்தில் அசையாமல், யார் கண்ணையும் உறுத்தாமல் கிடக்க வேண்டும். கொல்லிமலை வளைவுகளைப் படம் பிடிக்க வாங்கியதென்றால் கழற்றவும் திருப்பவும் மாற்றி மாட்டவும் தோதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஹோல்டர் போதும் என்று கடைக்காரர் சொன்னால், அவர் விற்க நினைக்கிறார் என்று அர்த்தம்.

காரைப் பார்ப்போம். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கார் உதிரி சாமான் கடையில் ஒரு பையன் டேஷ்கேம் மாட்டுவதை நின்று வேடிக்கை பார்ப்பது எனக்கு வழக்கம். முதலில் வைப்பரை ஒரு தரம் ஓட்டச் சொல்கிறான். அது துடைக்கும் வளைவுக்குள்தான் காமிராவின் கண் விழ வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் வெறும் நீர்த்துளிதான் பதிவாகும். பிறகு உள்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுபவரின் பார்வையில் படாத இடது பக்கமாக இடம் குறிக்கிறான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு, டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்துகிறான். கடைசி வேலைதான் நுணுக்கமானது. மேல்கூரைத் துணிக்குள் வயரைச் செருகி, ஓரத் தூண் வழியாகக் கீழே இறக்கும்போது அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்று பார்க்கிறான். இருந்தால் வயரை அதன் பின்னால் விடுகிறான். முன்னால் விட்டால் பை விரியும்போது வயர் குறுக்கே நிற்கும். இதைப் பார்க்காமல் வேலையை முடிக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

டேஷ்போர்டு மேலேயே வைத்துவிடலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 முதல் விற்பனையாகும் புதுக் கார்களில் முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். அது புறப்படும் மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது.

டேப்பா, சக்ஷன் கப்பா? சாட்சிக்கு டேப்தான். ஆனால் ஒட்டிய கையோடு காமிராவைத் தொங்கவிடாதீர்கள். இந்த வகை அழுத்தப் பசை ஒரு நாளில் பெரும்பகுதி பலம் பெறும், முழுப் பலத்துக்கு மூன்று நாள் வேண்டும். துவாக்குடி நண்பர் வைத்திருந்தது சக்ஷன் கப். அதன் சங்கதி எளிது. மூன்று அங்குல விட்டமுள்ள கப்பின் பரப்பு ஏறத்தாழ 45 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ எடைக்குக் காற்று அழுத்துகிறது. உள்ளே கொஞ்சமும் காற்றில்லை என்றால் 45 கிலோ பிடிப்பு. கணக்கில் அமர்க்களம்தான். ஆனால் ஒரு துளி தூசி, ஒரு முடி போதும், காற்று கசிந்து உள்ளே போய்விடும். திருச்சி சித்திரை வெயிலில் சாத்திய காருக்குள் ரப்பர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானல் ஏறினால் அங்கே காற்றழுத்தமே சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பிடிப்பும் அந்த அளவு குறையும். எனவே சக்ஷன் கப் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் புறப்படும்முன் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். வண்டிக்கு வெளியே ஒட்டினால் ஒரு கயிற்றால் கட்டியும் வையுங்கள்.

வெயிலைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. லித்தியம் பேட்டரி உள்ள டேஷ்கேமைவிட கெப்பாசிட்டர் உள்ளது நம் ஊருக்கு நல்லது. சூட்டில் உப்பாது.

ஹோல்டர் ஆடினால் படம் மட்டும் கெடுவதில்லை. டேஷ்கேமுக்குள் அதிர்ச்சியை உணரும் சென்சார் ஒன்று இருக்கிறது. இடித்துவிட்டது என்று நினைத்தால் அந்தப் பதிவை அழியாமல் பூட்டிவைக்கும். லொடலொடத்த ஹோல்டரில் ஒவ்வொரு வேகத்தடையும் அதற்கு விபத்துதான். கார்டு முழுக்கப் பூட்டிய பதிவுகளாக நிறைந்து, உண்மையான விபத்தன்று இடமில்லாமல் போகும். விபத்து நடந்துவிட்டால் காமிராவை நிறுத்தி, கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். மூலக் கார்டு கையில் இருந்தால் உங்கள் வக்கீலுக்குப் பாதி வேலை குறையும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி உறையூர் அம்மாவின் மகன். தம்பி, ஹேண்டில்பாரில் போனை மாட்டிப் படமெடுக்கலாம் என்று நினைக்கிறாயா? 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது: பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு தொடர்ந்து பட்டால், லென்ஸை ஆடாமல் காக்கும் நுண்ணிய பாகம் பழுதாகலாம் என்று. ஸ்கூட்டருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டரையே சொன்னது. ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள். ஆக்‌ஷன் காமிராவில் இந்த லென்ஸ் தொல்லை குறைவு. ஆனால் படம் ஜெல்லி மாதிரி நெளியும், ஏனென்றால் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் வண்டி ஆடிவிடுகிறது. இதற்கு மருந்து, ஹோல்டரின் கையைக் குட்டையாக வைப்பது. துறட்டி நீள நீள நுனி ஆடுவது போலத்தான் இதுவும். முடிந்தால் மார்புப் பட்டையில் மாட்டு. உடம்பைவிட நல்ல ஸ்பிரிங் கடையில் கிடையாது.

ஹெல்மெட் மேல் வேண்டாம். தலைக்கவசம் தரையில் வழுக்கிக்கொண்டு போவதற்காக வழவழப்பாகச் செய்யப்பட்டது, அதில் ஒரு கொம்பை முளைக்கவிடக் கூடாது. கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் இதற்கு எதிராக நடவடிக்கை அறிவித்ததும் அந்தக் காரணத்தால்தான்.

மாட்டியாயிற்றா? சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறி அம்மா மண்டபம் வரை ஒரு நடை போய் வாருங்கள். 1976இல் திறந்த பாலம். 2022-23இல் மாதக்கணக்கில் போக்குவரத்தை நிறுத்தி இணைப்புகளைச் சீர் செய்தார்கள். இப்போதும் சக்கரம் இணைப்பைத் தாண்டுவது ஹோல்டருக்குத் தெரியும். திரும்பி வந்து, புறப்பட்டபோது எடுத்த படத்தையும் வந்து சேர்ந்தபோது எடுத்த படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அடிவானம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் எங்கோ ஒரு திருகு நழுவுகிறது.

சாட்சிக்கும் காட்சிக்கும் கோடு கிழித்துவிட்டேன், ஆனால் அந்தக் கோடு எப்போதும் நிற்பதில்லை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினாரே, அதற்கு மறு ஆண்டு, 1906 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் மைல்ஸ் சகோதரர்கள் கேபிள் காரின் முன்புறம் காமிராவைப் பொருத்தி மார்க்கெட் வீதி நெடுக ஓடவிட்டார்கள். வேடிக்கைப் படம்தான். தண்டவாளத்தில் சீராக ஊரும் வண்டி என்பதால் ஆட்டமே இல்லை. சில நாட்களில், 18ஆம் தேதி விடியற்காலை, பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் அந்த வீதியை அழித்தன. அந்த வீதியில் நடந்தவர்களும் குதிரை வண்டிகளும் குறுக்கே ஓடிய பையன்களும் இன்றைக்கும் அந்தச் சுருளில் இருக்கிறார்கள்.

நிற்க. ஆட்டோ ஓட்டும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் கிடைக்கும் ஹோல்டர்கள் எல்லாம் காரின் சாய்ந்த கண்ணாடிக்கென்று வார்த்தவை. ஆட்டோவின் கண்ணாடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது, மூன்று சக்கர ஆட்டமும் தனி தினுசு. காந்தி மார்க்கெட் வழியாக நாள் முழுக்க ஓடும் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள், எதைக் கொண்டு கட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு போட்டோவோடு எழுதுங்கள். அடுத்த இதழில் முதல் பக்கம் உங்களுக்குத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்