பெடல் பேர் தெரியும்... வாசித்தவர் பேர் தெரியுமா?

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. ராஜா ரசிகர்கள், ரஹ்மான் ரசிகர்கள் இரு தரப்பும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். குட்வில் எஸ்டேட்டுக்கு ஆட்டோ அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அதைச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்ற வேண்டும். மூன்று நாள் கடல். அதற்குள் உங்கள் கோபம் ஆறிவிடும் :-)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் கிட்டார் பிடித்த நம்மவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அதற்குப் பெயர் 'டோன்'. தெரியாதவர்களுக்காக: ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் வாசித்தால் ஒன்று தேன் மாதிரி வழியும், இன்னொன்று தகரத்தில் ஆணி கீறின மாதிரி இருக்கும். அந்த நிறம்தான் டோன். கம்பி, பிக்கப், பெடல், ஆம்ப், மைக், வாசிக்கிற விரல் எல்லாம் சேர்ந்து வருவது. பிடித்த கிட்டாரிஸ்ட்டின் டோனை வீட்டில் கொண்டுவர ஆசைப்படாத கிட்டார்க்காரன் கிடையாது. நானும் ஆசைப்படுகிறவன்தான். ஈரக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிற இந்தத் தீவில், எர்த் சரியில்லாத பிளக்கில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தோடு போராடிக்கொண்டே ஆசைப்படுகிறேன்.

ஆசை தப்பில்லை. ஆனால் அந்த ஆசைக்குப் பின்னால் நாம் சவுகரியமாக மறந்துபோன ஒரு அநியாயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வெளிநாட்டுக் கதை. குயீன் குழுவின் பிரையன் மே, 1963இல் தன் அப்பாவோடு உட்கார்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், உள்ளே மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். மீட்டுவது பிளாஸ்டிக் பிக்கால் அல்ல, ஆறு பென்ஸ் நாணயத்தால். அந்தக் காசின் விளிம்பிலுள்ள வரி கம்பியில் உரசும்போது ஒரு கரகரப்பு வருகிறது. 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாமல் போன நம் 25 காசை வைத்து நானும் முயன்று பார்த்தேன். அந்தக் கரகரப்பின் ஒன்றுவிட்ட சித்தப்பா அளவுக்கு வருகிறது. வங்கிக்காரன் வீட்டுச் செல்லாக்காசுக்கு வேறு என்ன வேலை?

அடுத்தது ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 1967இல் வந்த 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டின் சோலோவில் ஒரு ஸ்தாயி மேலே கூடவே ஒலிக்கிற அந்த விசித்திரச் சத்தம் 'ஆக்டேவியா' என்ற பெட்டியிலிருந்து வந்தது. அதைச் செய்த ரோஜர் மேயரின் பெயர்கூட உலகத்துக்குத் தெரியும்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாஃப்ளர் பிக் இல்லாமல், கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் வைத்து வாசிப்பவர். 1985இல் வந்த 'மணி ஃபார் நத்திங்' பாட்டின் டோன், மான்ட்செராட் என்கிற குட்டித் தீவில் இருந்த ஸ்டூடியோவில் கிடைத்தது. ஒரு மைக் ஏடாகூடமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது வந்தது என்று ஒலிப்பதிவாளர் நீல் டார்ஃப்ஸ்மன் சொல்லியிருக்கிறார். 1989இல் ஹ்யூகோ புயல் அந்த ஸ்டூடியோவைச் சிதைத்துவிட்டது. ஸ்டூடியோ போயிற்று, மைக் எந்தப் பக்கம் பார்த்தது என்ற விவரம் போகவில்லை!

கவனியுங்கள். வாசித்தவர் பெயர், பெட்டி செய்தவர் பெயர், மைக் கிடந்த கோணம் வரை பதிவாகியிருக்கிறது. அதனால்தான் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவன் அந்த டோனைத் தேட முடிகிறது. டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அது மரத்துக்கும் கம்பிக்கும் கொடுத்த விலையா? அந்தக் கிட்டாரோடு ஒட்டியிருந்த பெயருக்குக் கொடுத்த விலை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

'பயணங்கள் முடிவதில்லை', 1982. 'இளைய நிலா' பாட்டு. தமிழ் வீட்டில் கிட்டார் என்று ஒன்று நுழைந்தால் கற்றுக்கொள்ள ஆசைப்படும் முதல் பாட்டு அநேகமாக இதுதான் (அது எலெக்ட்ரிக் இல்லையே என்று சண்டைக்கு வராதீர்கள், இங்கே பேச்சு வாசித்தவரைப் பற்றி). பாடியவர் எஸ்.பி.பி., எழுதியவர் வைரமுத்து, இசை இளையராஜா, திரையில் வாயசைத்தவர் மோகன். இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அந்தக் கிட்டாரை வாசித்தவர்?

ஆர். சந்திரசேகர். ராஜாவின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். 2023இல் சந்திரசேகர் மறைந்தபோது, இளையராஜா தன் இரங்கல் செய்தியில் இந்தப் பாட்டையும் 'பாடும் வானம்பாடி'யையும் குறிப்பிட்டார். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பெயரை முதல்முறை கேட்டது அன்றைக்குத்தான். பாட்டு வந்தது 1982, பெயர் வந்தது 2023. நாற்பத்தோரு வருஷம். ஒரு மனிதரின் பெயர் ரசிகனை வந்து சேர அவர் செத்துப்போக வேண்டியிருக்கிறது என்றால், நம் ரசனைக்கு என்ன பெயர் வைப்பது?

இங்கே எங்கள் பக்கத்து வீட்டில் பன்னிரண்டாவது படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். நன்றாகவே வாசிப்பான். சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் 2020இல் வந்த பிறகு வளர்ந்த தலைமுறை, எல்லாவற்றையும் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்கிறது. கில்மோர் எந்தப் பாட்டுக்கு எந்தப் பெடல், எந்தக் குமிழ் எத்தனை மணி திசையில் என்று ஒப்பிப்பான். "ராஜா பாட்டுல வர்ற கிட்டாரெல்லாம் யாரு வாசிச்சதுன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கீபோர்டுல பண்ணிருப்பாங்க அங்கிள்" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பெயர் இல்லாத இடத்தில் ஒரு மனிதன் இருந்தான் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? மெஷின் என்றுதான் நினைக்கும். வெள்ளைக்காரன் வாசித்தால் கலைஞன், நம்மாள் வாசித்தால் கீபோர்டு. ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்க்கிற நமக்கு இது சாதாரண விஷயமா? தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் பார்க்காத பிள்ளைகளுக்கு நாம் கையில் கொடுத்திருக்கிற ஊரே இந்தப் பாட்டுகள்தானே?

இத்தனைக்கும் பெயர் போடுவது நமக்குத் தெரியாத பழக்கம் இல்லை. கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் நாதஸ்வர வித்வான் பெயரை மரியாதையோடு அச்சடித்திருப்பார்கள். சபா நோட்டீஸில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், மோர்சிங் என்று வரிசையாகப் பெயர் வரும். மோர்சிங் வாசிக்கிறவருக்குக் கிடைத்த ஒரு வரி, கோடிப் பேர் கேட்ட பாட்டில் கிட்டார் வாசித்தவருக்கு கேசட் அட்டையில் கிடைக்கவில்லை. அட்டையில் இடம் இல்லையாம். அதே கம்பெனியின் மற்ற கேசட் விளம்பரத்துக்கு மட்டும் இடம் இருந்தது.

பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டு இரண்டாக. சத்தம் சட்டென்று செத்துவிடும், கமகத்துக்குத் தாங்காது. அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கட்டி, கம்பியை இழுத்தும் விரலை வழுக்கியும் கர்நாடக சங்கீதத்தை அதில் கொண்டுவந்தார். மின்சார வாத்தியம் மேடைக்கு ஆகுமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். 2014இல் 45 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த டோன் போகவில்லை. யார், எந்த வாத்தியம், எத்தனை கம்பி, ஏன் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும் என்பதால் அடுத்த தலைமுறை அதை எடுத்து வாசிக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிற பிரசன்னா இருக்கிறார். அவரையும் பெயர் சொல்லித்தான் தேடுகிறோம்.

சினிமாவிலும் வழி இல்லாமல் இல்லை. ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாத்தியக்காரர் பெயர்களைப் போட்டார். அதனால் என்ன கெட்டுப்போயிற்று? ரஹ்மானின் புகழ் ஒரு கிராம் குறைந்ததா? 2008இல் மறைந்த ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதரைக் கூட ரசிகர்களுக்குத் தெரிந்தது. பம்பாய் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்து, கிரெகரி பூத் என்ற வெளிநாட்டுப் பேராசிரியர் 2008இல் ஒரு முழுப் புத்தகமே போட்டார். கோடம்பாக்கத்துக்கும் யாராவது விமானம் ஏறி வந்துதான் செய்ய வேண்டுமா?

ராஜாவைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அவரே சலில் சௌத்ரி போன்றவர்களிடம் கிட்டார் வாசித்து மேலே வந்தவர். பெயர் இல்லாமல் வாசிப்பதன் வலி அவருக்குத் தெரியாததா? என் சண்டை கேசட் போட்டவர்களோடும், கேள்வி கேட்காமல் வாங்கிய நம்மோடும்.

"காசு வாங்கிட்டுத்தானே வாசிச்சாங்க, அப்புறம் என்ன பேரு?" என்று சிலர் கேட்கலாம். வங்கியில் நானும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஆனால் நான் போடுகிற ஒவ்வொரு என்ட்ரியிலும் மேக்கர் யார், செக்கர் யார் என்று இருக்கிறது. நூறு ரூபாய் வவுச்சருக்குக் கூட அதைப் போட்டவன் யார் என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லலாம். நூறு ரூபாய்க்கு இருக்கிற மரியாதை ஒரு சோலோவுக்கு வேண்டாமா?

"அறுபது வயலின், எல்லார் பேரையும் போட முடியுமா?" முடியும். இன்றைக்குப் பாட்டு வருவது ஃபோனில். அங்கே அட்டையும் இல்லை, அச்சுக்கூலியும் இல்லை. படம் முடிந்ததும் சாப்பாடு பரிமாறியவர் வரை பெயர் ஓடுகிறதே, அது சரிதானே? அதே நியாயம் இவர்களுக்கும்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் 38-பி என்ற பிரிவைச் சேர்த்தது. நிகழ்த்திய கலைஞர் தன்னை அடையாளம் காட்டும்படி கோரலாம் என்கிறது அது. ஆனால் அதே திருத்தம் 'கலைஞர்' யார் என்ற விளக்கத்தில் ஒரு பொடி வைத்தது. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானது, துணையானது, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் பெயர் போடப்படாதது என்றால் அவர் கலைஞராகக் கருதப்பட மாட்டார். தன் பங்கைச் சிதைத்தால் ஆட்சேபிக்கிற உரிமை மட்டும் மிச்சம். பெயர் போடும் வழக்கம் இல்லை என்பதையே ஓர் அளவுகோலாக வைத்தால், பெயர் போடாத பழக்கம் யாருக்கு லாபம்? கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். பாடகர்கள் 2013இல் ராயல்டிக்குச் சங்கம் வைத்தார்கள். ராயல்டி என்பது பெயர் தெரிந்தால்தான் வரவு வைக்க முடிகிற பணம். பெயர் இல்லாத கணக்கில் எந்த வங்கியாவது பணம் போடுமா?

போதாக்குறைக்கு, இப்போது ஆம்ப்பின் சத்தத்தையே அப்படியே நகல் எடுக்கிற மென்பொருள்கள் வந்துவிட்டன. நாளைக்கு ராஜா பாட்டு டோனும் ஒரு பட்டனாக விற்பனைக்கு வரும். பட்டனுக்கு ஏதாவது பெயர் வைப்பார்கள். வாசித்தவர் பெயரை வைக்க மாட்டார்கள், ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் புதுப் பெடல் வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக் கொடுங்கள். ஒரு பாட்டை வாசிக்கப் பழகினால், மேலே ராகமோ ஸ்கேலோ எழுதுவதற்கு முன் அதை முதலில் வாசித்தவர் பெயரைத் தேடி எழுதட்டும். ஸ்டூடியோவில் வாசித்த மாமா, சித்தப்பா யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபோன் போடுங்கள். எந்தப் படம், எந்தப் பாட்டு, என்ன கிட்டார், எந்த ஆம்ப் என்று கேட்டு எழுதி வையுங்கள். சங்கத்துப் பொங்கல் விழா மெல்லிசையில் மைக் பிடிக்கிற புண்ணியவானே, பாட்டை அறிவிக்கும்போது பாடகர், இசையமைப்பாளரோடு மூலத்தில் வாசித்தவர் பெயரையும், இன்றைக்கு உங்கள் பின்னால் நின்று வாசிக்கிற பையனின் பெயரையும் சேர்த்துச் சொல்லும். அரை நிமிஷம்கூட ஆகாது.

இவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதைத் தொடுகிறது, தாண்டுகிறது. இரங்கல் செய்தி வரும்வரை காத்திருக்காமல், அவர்கள் காதில் விழும்போதே பெயரைச் சொல்லிவிடுவோம்.

பி.கு: சந்திரசேகர் மாதிரி உங்களுக்குத் தெரிந்த வாத்தியக்காரர் பெயர்களைப் பாட்டோடு சேர்த்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். "அருமையான பதிவு" மட்டும் போட்டுவிட்டு ஓடுகிறவர்களை இந்த முறை மன்னிக்க மாட்டேன் :-)